கும்மிடிப்பூண்டிக்குக் காற்று வரும் வழி

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் காற்றாலை நட்டு லாபம் பார்த்தவர் எனக்குத் தெரிந்து எவருமில்லை. மணவாள நகரில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்று பார்த்தாலும் செல்போன் கோபுரங்களும் தண்ணீர்த் தொட்டிகளும் தென்படுமே ஒழிய, மூன்று இறக்கை சுழலும் கம்பம் ஒன்றுகூடக் கண்ணில் படாது. ஆனியிலும் ஆடியிலும் எங்களுக்கும் மேல்காற்று வீசத்தான் செய்கிறது. ஆனால் அது புழுதியைக் கிளப்பவும் கொடியில் உலர்த்திய வேட்டியை அடுத்த வீட்டுக்கு அனுப்பவும் போதுமானதாக இருக்கிறதே தவிர, பல கோடி ரூபாய் யந்திரத்தைச் சுழற்றி முதலை மீட்டுத் தரும் வலிமை அதற்கு இல்லை. இப்படியிருக்க, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் உயர் அழுத்த மின் இணைப்பு பெற்றுள்ள ஆலைகளுள் சிலவற்றின் மாதாந்தர பில்லைப் பிரித்துப் பார்ப்பீர்களானால், திருநெல்வேலிச் சீமையிலோ உடுமலைப்பேட்டைப் பக்கத்திலோ உற்பத்தியான காற்று மின்சாரம் லட்சக்கணக்கான யூனிட்டுகளாக அதில் வரவு வைக்கப்பட்டு, ஆலை செலவழித்த கணக்கிலிருந்து கழிக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். ஐந்நூறு அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் வீசும் காற்று இங்கே இரும்பை உருக்குகிறது என்றால் கேட்பவருக்கு விந்தையாக இருக்கும். அந்த விந்தை எப்படி நடக்கிறது, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள், யாருக்கு அது எட்டாமலே போகிறது என்பதை, அந்தப் பேட்டையில் ஓர் உருக்காலையின் மின்பிரிவில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்தவன் என்ற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு எழுத முற்படுகிறேன்.

காற்றின் சக்தி அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்காகிறது. வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. இந்த ஒரு நியதியே தமிழ்நாட்டின் காற்றாலைப் படத்தை வரைந்துவிட்டது எனலாம். அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி நின்று, மலையில் இடைவெளி விட்ட இடங்களான பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்களின் வழியே நெருக்கிக்கொண்டு பாய்வதனால், அந்த நான்கு வாய்களுக்கும் கிழக்கே உள்ள பொட்டல் வெளிகள் உலகத்திலேயே சிறந்த காற்று நிலங்களுள் சேர்ந்துவிட்டன. முப்பந்தல், கயத்தாறு, கேத்தனூர், சுல்தான்பேட்டை என்று ஒரு காலத்தில் பஸ் கண்டக்டருக்கும் பருத்தி வியாபாரிக்கும் மட்டுமே தெரிந்திருந்த பெயர்களை டென்மார்க்கு தேசத்து யந்திர நிபுணர்கள் உச்சரிக்கப் பழகிக்கொண்டது இந்தக் கணவாய்களின் புண்ணியத்தால்தான்.

இந்தக் காற்றை முறையாக அளந்து வைத்தவர்களுள் தலையாயவர் அன்னா மணி அம்மையார். பீர்மேட்டில் 1918-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் படித்து, பெங்களூரில் சர் சி. வி. ராமனின் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றி, வானிலை இலாகாவில் துணை டைரக்டர் ஜெனரல் பதவி வரை உயர்ந்து ஓய்வு பெற்ற அவர், பிற உத்தியோகஸ்தர்கள் சாய்வு நாற்காலியைத் தேடும் வயதில், தேசமெங்கும் எந்த இடத்தில் எந்த மாதத்தில் எவ்வளவு காற்று வீசுகிறது என்று கணக்கெடுக்கும் பெரும் பணியில் இறங்கினார். அத்தகைய அளவைகளின் ஆதாரத்தில்தான் யந்திரங்களை எங்கே நடலாம் என்ற துணிவு பிறந்தது. தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் 1986-இல் மாதிரிக் காற்றாலைப் பண்ணை எழுந்தது. அப்போது நட்டவை 55 கிலோவாட் யந்திரங்கள். இன்றைக்கு நடுகிற ஒரே யந்திரம் 3,000 கிலோவாட்டைத் தாண்டுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் காலத்து அடக்கம் விளங்கும். பிறகு 1993 வரைக்கும் மின்சார வாரியம் பல இடங்களில் மொத்தம் ஏறக்குறைய 19 மெகாவாட் அளவுக்குத் தானே மாதிரி யந்திரங்களை நிறுத்திக் காட்டியது.

வாரியம் காட்டிய வழியில் முதலில் நடந்தவர்கள் மின்சாரம் விற்கும் வியாபாரிகள் அல்லர், மின்சாரத்தைத் தின்னும் ஆலைக்காரர்கள் என்பதை நான் விசேஷமாகக் குறிப்பிட விரும்புகிறேன். கோயம்புத்தூர், திருப்பூர், ராஜபாளையம், திண்டுக்கல் பஞ்சாலைக்காரர்களும், முப்பந்தலில் யந்திரம் நட்ட மெட்ராஸ் சிமெண்ட்ஸும், காகிதபுரத்தில் காகிதம் செய்து திருநெல்வேலி மாவட்டத்தில் காற்றாலைப் பண்ணை வைத்த தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனமும் அந்த வரிசையில் வந்தவர்கள். குஜராத்தில் துணி ஆலை நடத்திய துளசி தாந்தி மின்கட்டணத்தின் பாரம் தாங்காமல் இரண்டு காற்றாலைகளை வாங்கிப் போட்டு, அந்த அனுபவத்தில் சூடேறி 1995-இல் சுஸ்லான் கம்பெனியையே ஆரம்பித்த கதையும் இதே ஜாதியைச் சேர்ந்ததுதான். இவர்களையெல்லாம் பூமாதேவியின் மீதிருந்த பக்தி தூண்டியது என்று யாராவது எழுதினால் நம்பிவிடாதீர்கள். யந்திரத்தின் விலை முழுவதையும் முதல் வருஷத்திலேயே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று சர்க்கார் 1990-களில் அளித்த சலுகையே பாதிக்கு மேற்பட்ட கம்பங்களை நட்டது. அந்தச் சலுகை பின்னர் 80 சதவீதமாகி, 2012-இல் எடுக்கப்பட்டு, 2014-இல் திரும்பி வந்து, 2017-இல் 40 சதவீதமாகக் குறைந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் காற்றாலை வியாபாரம் துள்ளியதையும் துவண்டதையும் பார்த்தால், ஆடிட்டருடைய பேனாவுக்கும் பருவக்காற்றுக்கும் சமபங்கு கொடுக்க வேண்டியிருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நோக்கம் எதுவாயினும் யந்திரம் சுழன்றது, மின்சாரம் வந்தது.

இனி உலைக்கு வருவோம். கும்மிடிப்பூண்டியில் இரும்பை உருக்குவது பெரும்பாலும் இன்டக்‌ஷன் ஃபர்னஸில். ஸ்கிராப்பும் ஸ்பாஞ்ச் அயர்னும் மூசையில் கொட்டப்பட்டு, சுற்றிலும் தண்ணீர் ஓடும் தாமிரச் சுருளில் மின்சாரம் பாய்ந்து, உள்ளே இருக்கும் உலோகமே தன்னுள் தானே சூடேறி 1,600 டிகிரியை எட்டுகிறது. ஒரு டன் இரும்பு உருக 600 யூனிட்டுக்கு மேல் வேண்டும். ஒரு ஹீட்டுக்கு, அதாவது ஒரு முறை உருக்குவதற்கு, பத்து டன் என்று வைத்துக்கொண்டால், உலையை நடத்தும் மெல்ட்டர் நீண்ட கம்பியால் கசடை ஒதுக்கிப் பார்த்து, உருகியதை வடிக்கும் டேப்பிங்குக்குக் கையைக் காட்டுவதற்குள் ஆறாயிரத்துச் சொச்சம் யூனிட் போய்விட்டிருக்கும். நடுத்தரக் குடும்பம் ஒன்று இரண்டு மூன்று வருஷங்களுக்கு வீட்டில் விளக்கெரித்து மின்விசிறி சுழற்றிக் குளிர்பெட்டி ஓட்டும் மின்சாரம் அது. நடுவில் கரண்ட் போயிற்றோ, மெல்ட்டரின் முகம் வெளுத்துவிடும். மூசையில் உலோகம் உறைந்து போனால் அதை இடித்தெடுத்து, லைனிங்கைப் புதிதாகத் திணித்து, மறுபடி உலையைச் சூடேற்றி முடிப்பதற்குள் பெரும் நஷ்டம். சுருளுக்குத் தண்ணீர் நின்றால் நஷ்டத்தோடு போகாது, ஆளுக்கே ஆபத்து. ஆகையால்தான் இந்தத் தொழிலில், மின்சாரம் மலிவாக வேண்டும் என்பதற்கு முன்னால், இடையறாமல் வேண்டும் என்ற நிர்ப்பந்தம் நிற்கிறது. காற்றின் சுபாவமோ இதற்கு நேர் விரோதம்.

ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு நூறு டன் உருக்கி, வருஷத்தில் முந்நூறு நாள் ஓடும் ஆலைக்கு ஏறக்குறைய 1 கோடியே 86 லட்சம் யூனிட் வேண்டியிருக்கும். ஒரு மெகாவாட் காற்றாலை, சராசரியாகத் தன் முழுச் சக்தியில் கால் பங்கு உழைக்கிறது என்று கொண்டால், வருஷத்துக்குத் தருவது சுமார் 22 லட்சம் யூனிட். எனவே எட்டரை மெகாவாட் அளவுக்கு யந்திரம் வைத்தால் வருஷக் கணக்கு நேராகிவிடும். ஆனால் வருஷக் கணக்கு நேரானால் போதுமா? தமிழ்நாட்டுக் காற்றாலைகள் தங்கள் வருஷ உற்பத்தியில் ஏறத்தாழ 70 சதவீதத்தை மே முதல் செப்டம்பர் வரையுள்ள ஐந்து மாதங்களில் கொட்டிவிடுகின்றன. நம் உதாரண ஆலைக்கு அந்த ஐந்து மாதத்தில் 1 கோடியே 30 லட்சம் யூனிட் வந்து சேரும். செலவாவதோ 77 லட்சம். மிச்சம் 50 லட்சத்துக்கு மேற்பட்ட யூனிட்டுகளை ஐப்பசி மழையில் உலை எரிப்பதற்காக எங்கே வைப்பது?

இங்கேதான் தமிழ்நாடு ஒரு காரியம் செய்தது. யந்திரத்தைக் கண்டுபிடித்தது அயல் தேசமாக இருக்கலாம். அதைத் தொழிலுக்குப் பயன்படுத்தும் ஏற்பாட்டைச் செய்தது நம் மின்சார வாரியத்தின் பேரேடு. காற்று மிகுந்த மாதத்தில் ஆலைக்காரரின் யந்திரம் உண்டாக்கும் மின்சாரத்தை வாரியம் எடுத்துக்கொண்டு, அப்போதே யாருக்கோ விநியோகித்துவிடுகிறது. ஆலைக்காரரின் பெயரில் யூனிட்டுகளை வரவு வைக்கிறது. பழைய யந்திரமானால், ஏப்ரல் முதல் மார்ச் வரையுள்ள ஒரு வருஷத்துக்குள் அவர் வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். அறுவடைக் காலத்தில் பெரிய பண்ணையாரின் பத்தாயத்தில் நெல்லை அளந்து போட்டுவிட்டுப் பஞ்ச மாதத்தில் திரும்ப வாங்கிக்கொண்டு, காத்து வைத்ததற்காக மரக்கால் கணக்கில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் குடியானவனின் ஏற்பாடுதான் இது. விட்டுக்கொடுக்கும் பங்கை 2018-ஆம் வருஷத்து ஆணை 14 சதவீதமாக்கிற்று. வருஷ முடிவில் எடுக்காமல் மிஞ்சினால் வாரியம், காற்று மின்சாரத்துக்கு நிர்ணயிக்கப்பட்ட விலையில் 75 சதவீதம் மட்டும் கொடுத்துக் கணக்கை முடிக்கும். அதோடு, உச்சநேரம், சாதாரண நேரம், இரவு நேரம் என்று மின்கட்டணம் வேறுபடுவதனால், யூனிட்டுகளும் சி1, சி2, சி4, சி5 என்று பெட்டி பிரித்து எழுதப்படுகின்றன. இரவில் வந்த மலிவான யூனிட்டை மாலை உச்சநேரத்துச் செலவுக்கு ஈடுகட்ட விடமாட்டார்கள். மாதக் கடைசியில் இந்தப் பெட்டிகளை ஒத்துப் பார்ப்பதிலேயே எங்கள் மின்பிரிவில் ஒருவருடைய பார்வை மங்கிப் போயிற்று.

உண்மையில் கயத்தாற்று மின்சாரம் கும்மிடிப்பூண்டிக்கு நடந்து வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மின்சாரம் அருகிலுள்ள செலவைத் தேடிப் போகும் குணமுடையது. தெற்கே உண்டானது பெரும்பாலும் தெற்கிலேயே தீர்ந்துவிட, நம் உலையில் பாய்வது அநேகமாகப் பக்கத்து அத்திப்பட்டில் நிலக்கரி எரித்து உண்டானதாகவே இருக்கும். வட சென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் நிலையமும் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கின்றன. முன்னதன் முதலிரண்டு கட்டங்கள் 1,830 மெகாவாட், பின்னது 1,500 மெகாவாட். அவற்றின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் எண்ணூர் மீனவர்களுக்குச் செய்திருப்பது ஒரு தனிப் புராணம். ஆகவே காற்று மின்சாரத்தை வாங்கும் ஆலைக்காரர் தம் பொருள் பசுமையானது என்று விளம்பரப் பலகை எழுதும்போது, அந்தப் பசுமைக்குக் காவலாக அத்திப்பட்டுக் கொதிகலன் இரவு பகலாக நிற்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆடி மாதத்தில் காற்று ஏறும்போது அந்தக் கொதிகலன்களை இறக்கி வைக்கிறார்கள். ஆனால் நிலக்கரி யந்திரத்தைச் சொன்ன மாத்திரத்தில் அணைத்து ஏற்ற முடியாது. அதன் சக்தியில் ஓர் அளவுக்குக் கீழே இறக்கினால் சுடர் நிலைகுலைகிறது. காற்று சட்டென்று விழும் ஒரு மாலையில், வீடுகளில் விளக்கேற்றும் நேரமும் கூடிவிட்டால், மின்சுமை மையத்தில் உட்கார்ந்திருக்கும் இஞ்சினீயருக்கு வயிற்றைக் கலக்கும். அவர் முதலில் கை நீட்டுவது தண்ணீருக்குத்தான். ஆனைமலையில் உள்ள 400 மெகாவாட் காடம்பாறை நிலையம், மின்சாரம் மிகுந்த வேளையில் கீழ் அணைத் தண்ணீரை மேலே ஏற்றிவைத்துத் தட்டுப்பாட்டு வேளையில் இறக்கி மின்சாரமாக்குகிறது. குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று நெடுங்காலமாகக் கட்டப்பட்டு வருகிறது. டென்மார்க்கு தன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து பெறுவதைக் கண்டு மூக்கில் விரலை வைப்பவர்கள், அந்நாடு கடலடிக் கம்பி வழியே நார்வே தேசத்து நீர்த்தேக்கங்களை இதே காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்வதைக் கவனிப்பதில்லை. நமக்கு நார்வே இல்லை. ஆனால் 2013 டிசம்பர் 31-ஆம் தேதி ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியே தென்னகத்து மின்கட்டமைப்பு வடக்கோடு இணைந்தபின், மிஞ்சியதை அனுப்பவும் குறைந்ததை வரவழைக்கவும் ஒரு வாசல் திறந்தது.

பேரேட்டு ஏற்பாட்டைப் பற்றி வாரியத்துக்கும் ஆலைக்காரர்களுக்கும் நடந்துவரும் வழக்கு முடிவில்லாதது. காற்று மாதத்தில் எங்களுக்கு வேண்டாத மின்சாரத்தைத் தலையில் கட்டிவிட்டு, நாங்கள் வெளியில் அதிக விலைக்கு வாங்கும் மாதத்தில் திருப்பிக் கேட்கிறீர்களே என்பது வாரியத்தின் புகார். நாங்கள் கொடுத்ததை நீங்கள் அன்றைக்கே விற்றுக் காசாக்கிவிட்டீர்களே என்பது மறுதரப்பின் பதில். 2018-க்குப் பின் நடப்பட்ட யந்திரங்களுக்கு வருஷ வரவு கிடையாது, அந்தந்த மாதத்துக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் விதித்துவிட்டது. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இரு தரப்பிலும் நியாயம் உண்டு; ஆனால் கொஞ்சம் வாரியத்தின் பக்கம் சாய்வேன். யந்திரங்கள் சில நூறு மெகாவாட்டாக இருந்தபோது பத்தாயத்தில் இடம் இருந்தது. பதினோராயிரம் மெகாவாட்டைத் தாண்டிய பிறகு, வருஷம் முழுவதும் காத்து வைக்கும் பாரத்தை ஒருவர் தலையில் ஏற்றுவது தர்மமாகாது. காத்து வைப்பதற்கு உண்மையில் ஆகும் செலவை யாராவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். இத்தனை காலமும் அது மற்ற நுகர்வோருடைய கட்டணத்தில் கரைந்து போயிற்று.

எனினும் வாரியமே காற்றை நம்பிப் பிழைத்த காலமும் உண்டு. 2008 நவம்பரில் மின்பற்றாக்குறையால் உயர் அழுத்த ஆலைகளுக்கு 40 சதவீத மின்வெட்டு வந்தது. மாலை உச்சநேரத்தில் விளக்குக்கும் காவலுக்கும் தவிர மின்சாரம் எடுக்கக் கூடாது என்றார்கள். உலையை அணைத்துவிட்டுப் பத்து மணிக்காகக் காத்திருந்த இரவுகளில் தொழிலாளர்கள் வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்ததை நினைக்கிறேன். சொந்தமாகக் காற்றாலை வைத்திருந்தவர்களுக்கு அந்த அளவுக்கு விடுதலை இருந்ததால், அதுவரை வரிச்சலுகைக்காக யந்திரம் நட்டவர்கள் திடீரென்று தீர்க்கதரிசிகளாகக் காட்சியளித்தார்கள். வைகாசி பிறந்து காற்று வந்தால் வெட்டு தளரும். புரட்டாசியில் காற்று விழுந்தால் இறுகும். மாநிலம் முழுவதுமே முப்பந்தலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது.

அந்த நெருக்கடிதான் சொந்த யந்திரம் வாங்க வசதியற்ற ஆலைகளையும் காற்றின் பக்கம் தள்ளியது. மின்சாரச் சட்டம் 2003-இன் கீழ் வகுத்த விதிகளின்படி, பலர் கூடி ஒரு காற்றாலைக் கம்பெனியில் 26 சதவீதப் பங்காவது எடுத்து, அதன் உற்பத்தியில் 51 சதவீதத்தையாவது தாங்களே உபயோகித்தால், அது சொந்த உற்பத்தியாகவே கருதப்படும். வெளியாரிடம் மின்சாரம் வாங்குவோருக்கு வாரியம் விதிக்கும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணமும் கிடையாது. குரூப் கேப்டிவ் என்று இதற்குப் பேட்டையில் பெயர். 2022 செப்டம்பரில் உயர் அழுத்த நுகர்வோரின் தேவைக் கட்டணம் கேவிஏவுக்கு 350 ரூபாயிலிருந்து 550 ரூபாயாக உயர்ந்தபின் இதற்கு மவுசு கூடியது. இதில் பங்குதாரராகச் சேர்ந்தவர்களில் பலர் தாங்கள் உடைமையாளராக இருக்கும் யந்திரத்தைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

ஆனால் இந்த வாசல் எல்லோருக்கும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் சிறு தொழில் இணைப்புகள் தாழ்வழுத்தத்தைச் சேர்ந்தவை. காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையிலும் மணவாள நகர்ச் சந்துகளிலும் லேத், மில்லிங், பவுடர் கோட்டிங் என்று பத்துப் பேரை வைத்துத் தொழில் நடத்துபவர்கள் அந்த வகுப்பார். பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுப்பவர்கள் இவர்களே. வாங்கும் கம்பெனி காற்று மின்சாரத்தில் மிச்சம் பிடிக்க, கடைந்து கொடுப்பவர் முழுக் கட்டணம் கட்டுகிறார். பசுமை மின்சாரத்தைத் திறந்த அணுகலில், அதாவது வெளி உற்பத்தியாளரிடமிருந்து நேரே, பெறும் வரம்பை மத்திய சர்க்கார் 2022-இல் ஒரு மெகாவாட்டிலிருந்து 100 கிலோவாட்டாக இறக்கியும், இருபது முப்பது கிலோவாட் பட்டறைக்காரருக்கு அது எட்டாத உயரந்தான். மின்வெட்டுக் காலத்திலும் டீசல் ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்றிக் கடன்பட்டவர்கள் இவர்களே. காற்றாலையின் நாற்பதாண்டு வரலாற்றில் எனக்குப் பெருங்குறையாகத் தோன்றுவது இது ஒன்றுதான். பருவக்காற்று நின்று நின்று வீசுவதுகூட எனக்குக் குறையாகப் படவில்லை.

இதற்கு வழியில்லாமலில்லை. நல்ல காற்று நிலங்களில் முதலில் நடப்பட்ட 225, 250 கிலோவாட் யந்திரங்கள் இன்னும் முனகிக்கொண்டு சுழல்கின்றன; அவற்றை எடுத்துவிட்டுப் பெரியவற்றை நடுவதற்காக மாநில சர்க்கார் 2024-இல் ஒரு கொள்கையே வகுத்திருக்கிறது. அப்படிப் புதிதாக வரும் உற்பத்தியில் ஒரு பங்கைத் தொழிற்பேட்டைகளின் பெயரில் ஒதுக்கி, பேட்டை முழுவதையும் ஒரே உயர் அழுத்த நுகர்வோராகக் கருதி, பட்டறைகளுக்கு உள்ளே பிரித்துக்கொடுத்தால் என்ன என்பது என் யோசனை. காக்களூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் இதை மிகுந்த உற்சாகத்தோடு விவரித்தேன். ஜாப்பை மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டவர், சக்கை ஒரு திருகு திருகி, நிமிர்ந்து சொன்னார்:

“நல்லாத்தான் சார் கீது. ஆனா பேட்டை பூராவுக்கும் ஒரே பில்லுன்றீங்க. பக்கத்து ஷெட்டுக்காரன் மூணு மாசமா வாடகையே கட்டல. அவன் பங்கு கரண்ட் காசை யாரு சார் கட்டறது?”

சங்கத்தைக் கூட்டிப் பேச வேண்டிய விஷயம் என்றேன். சங்கம் கடைசியாக எப்போது கூடியது என்று அவரும் நானும் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தோம்.